தொடக்க நெரிசல் சாளரம்: 10-லேயே விடுவதா, கூட்டுவதா, குறைப்பதா?

சர்வர் பராமரிக்கும் வாசகர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் வரும் கேள்வி இது: "தொடக்க நெரிசல் சாளரத்தை 10-லிருந்து 32-க்கு மாற்றினால் தளம் வேகமாகத் திறக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?" சிலர் எதிர்த்திசையில் கேட்கிறார்கள்: "எங்கள் பயனர்கள் பலவீனமான இணைப்பில் இருக்கிறார்கள், 4-க்குக் குறைத்துவிடலாமா?" இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், எந்த வழியாகப் போகப்போகின்றன, அந்த வழியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் விஷயம் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். இரு கணினிகளுக்கு இடையே தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி முறையில் ஒரு இணைப்பு திறந்த நொடியில், அனுப்பும் கணினிக்கு எதிர்முனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் ஓரளவு தெரியும். நடுவில் இருக்கும் இணைப்புகளில் எது மிகக் குறுகியது, அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரியாது. அந்த அறியாமையோடு, 'கிடைத்தது' என்ற முதல் ஒப்புகை திரும்பி வருவதற்குள் எத்தனை பாக்கெட்டுகளை வழியில் இறக்கலாம் என்று அது முடிவுசெய்தாக வேண்டும். அந்த எண்ணிக்கைதான் தொடக்கச் சாளரம். அதன்பின் ஒப்புகைகள் ஒழுங்காக வர வர, சாளரம் ஒவ்வொரு சுற்றிலும், அதாவது பாக்கெட் போய் ஒப்புகை திரும்பும் ஒவ்வொரு முறையும், ஏறத்தாழ இரட்டிப்பாகும். இதற்கு 'ஸ்லோ ஸ்டார்ட்' என்று பெயர். இரட்டிப்பாகும் ஒன்றை மெதுவானது என்று அழைப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

இந்த எண்ணை அனுப்புபவர் தனியாக முடிவுசெய்கிறார். எதிர்முனையோடு பேரம் பேசுவதில்லை, அனுமதி கேட்பதுமில்லை. ஆகவே உங்கள் சர்வரில் செய்யும் மாற்றம் பதிவிறக்கத்தை மட்டுமே பாதிக்கும். பயனர் ஒரு படத்தைப் பதிவேற்றும்போது அவருடைய போனில் இருக்கும் எண்தான் செல்லும். பதிவேற்றம் மெதுவாக இருக்கிறது என்று சர்வரின் தொடக்கச் சாளரத்தைத் திருகுபவர்களும் உண்டு. அவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் பதிலின் அளவு. உங்கள் சர்வர் வழக்கமாக 3,000 பைட் பதில் அனுப்புகிறது என்றால் அது எந்தத் தொடக்கச் சாளரத்திலும் ஓரிரு சுற்றில் முடிந்துவிடும். 50 மெகாபைட் கோப்பு என்றால் தொடக்கத்தில் மிச்சமாகும் ஒன்றிரண்டு சுற்றுகள் மொத்த நேரத்தில் காணாமல் போய்விடும். இடையில் இருக்கும் பதில்கள்தான், அதாவது சுமார் 15 கிலோபைட்டிலிருந்து சில நூறு கிலோபைட் வரை உள்ளவைதான், இந்த எண்ணால் உண்மையில் பயன்பெறுகின்றன.

இரண்டாவது, போய்வரும் நேரம். ஒரு சுற்றை மிச்சப்படுத்துவதன் மதிப்பு அந்தச் சுற்றின் நீளம்தான். ஒரே ஊருக்குள் 5 மில்லிவிநாடி மிச்சமானால் யாருக்கும் தெரியாது. சென்னையில் இருக்கும் பயனர், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் சர்வரை அணுகும்போது ஒரு சுற்று 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோள் வழியென்றால், 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் தூரமே போக வர 470 மில்லிவிநாடிக்கு மேல் பிடிக்கும். அங்கே ஒவ்வொரு சுற்றும் பொன்.

மூன்றாவது, வழியில் மிகக் குறுகிய இணைப்பும் அதன் முன்னால் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபரும். நான்காவது, ஒரே பயனருக்கு ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் திறக்கின்றன என்பது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 10 பாக்கெட்டுகள் என்றால், ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் முகவரி முதலான விவரங்களையும் சேர்த்து, 15,000 பைட். விநாடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் அது கடந்து முடிக்க 120 மில்லிவிநாடி. வலைப்பக்கங்களைக் கேட்டுப் பெறும் பழைய எச்டிடிபி 1.1 முறையில் பிரவுசர் ஒரே சர்வருக்கு ஆறு இணைப்புகள் வரை திறக்கும். ஆறும் ஒரே நேரத்தில் பதில் பெற்றால் 90,000 பைட், அதாவது முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் அந்த இணைப்பு அடைத்துக்கொள்ளும். அதே வீட்டில் ஒருவர் தொலைபேசி அழைப்பில் இருந்தால் அவர் குரல் அறுந்து போகும்.

ஐந்தாவது அளவுகோலைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை: கணிப்பு தவறினால் என்ன செலவு, அது யார் தலையில் விழுகிறது? தொடக்கச் சாளரத்தின் நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால், பின்னால் வந்தவற்றின் ஒப்புகைகளை வைத்து விரைவில் கண்டுபிடித்துவிடலாம். கடைசிப் பாக்கெட்டுகள் தொலைந்தால் அப்படிச் சொல்ல ஆளில்லை. மீண்டும் அனுப்புவதற்கான காலக்கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸில் அந்தக் காலக்கெடு 200 மில்லிவிநாடிக்குக் கீழே போவதில்லை. 2021-இல் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8985-ஆக வந்த வால் இழப்புச் சோதனை முறை இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது, ஆனால் முற்றாக நீக்கிவிடவில்லை. ஒரு சுற்றை மிச்சப்படுத்தப் போய் இரண்டு மூன்று சுற்றுகளை இழப்பது இப்படித்தான். அதைவிட மோசம், அந்த இழப்பு உங்கள் பயனருக்கு மட்டும் நேர்வதில்லை. அதே குறுகிய இணைப்பைப் பகிரும் மற்றவர்களின் பாக்கெட்டுகளும் சேர்ந்து விழும்.

## 10 என்ற எண் வந்த வழி

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையில், வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் பாக்கெட்டுகளைக் கொட்டி, தொலைந்தவற்றை மீண்டும் கொட்டி, வழியையே அடைத்துவிட்டன. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ஸ்லோ ஸ்டார்ட் வந்தது. அப்போது தொடக்கச் சாளரம் ஒரே ஒரு பாக்கெட். 1989-இல் ஆர்எஃப்சி 1122 அந்த முறையைக் கட்டாயமாக்கியது.

பிறகு எண் மெல்ல ஏறியது. 2002-இல் ஆர்எஃப்சி 3390, உச்சமாக நான்கு பாக்கெட் அல்லது சுமார் 4,380 பைட் என்று வைத்தது. வழக்கமான 1,460 பைட் பாக்கெட்டுகளில் அது மூன்றுதான். 2010-இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் சொந்தச் சர்வர்களில் பெரும் சோதனை நடத்தி, 10-க்கு உயர்த்தினால் எச்டிடிபி பதில்களின் சராசரித் தாமதம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது, மறு அனுப்பல் விகிதம் சராசரியாக 0.5 சதவீதம் மட்டுமே கூடுகிறது என்று எழுதினார்கள். 2011 மே மாதம் வெளியான லினக்ஸ் 2.6.39 அந்த எண்ணை இயல்பு மதிப்பாக ஏற்றது. 2013 ஏப்ரலில் அதே எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்சி 6928 வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ரவுட்டர்களில் பஃபர்கள் தேவைக்கு மேல் வீங்கிக்கிடப்பதை அம்பலப்படுத்திவந்த ஜிம் கெட்டிஸ், இது தீங்கானது என்று 2011-இல் ஒரு வரைவே எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் நான் மேலே போட்ட ஆறு இணைப்புக் கணக்குதான். கூகுள் கட்டுரையும் மறைக்கவில்லை: கூடிய மறு அனுப்பலில் பெரும்பங்கு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும் பயன்பாடுகளிலிருந்து வந்தது என்று அதுவே சொல்கிறது. இரு தரப்பும் ஒரே உண்மையைப் பார்த்துத்தான் வெவ்வேறு முடிவுக்கு வந்தார்கள்.

ஆர்எஃப்சி 6928 இன்றும் 'சோதனை நிலை' ஆவணம்தான். உலகின் பெரும்பகுதி வலை ஒரு சோதனை எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-இல், டிசிபிக்கு மாற்றான குவிக் நெறிமுறைக்காக வந்த ஆர்எஃப்சி 9002 மட்டும் அதே 10-ஐத் தரநிலைப் பாதையில் எழுதிவைத்தது.

## எத்தனை சுற்று: ஒரு கணக்கு

கீழே உள்ளது தாளில் போட்ட கணக்கு. ஒரு பாக்கெட்டுக்கு 1,460 பைட் தரவு, இழப்பு இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் சாளரம் சரியாக இரட்டிப்பாகிறது என்று கொண்டேன். இணைப்பைத் திறப்பதற்கான கைகுலுக்கும் சுற்றுகளைச் சேர்க்கவில்லை. முதல் சுற்றில் ஒருசேரப் போகும் பாக்கெட்டுகளை 'முதல் வீச்சு' என்கிறேன்.

| தொடக்கச் சாளரம் | முதல் சுற்றில் போகும் தரவு | 14,000 பைட் பதில் | 60,000 பைட் பதில் | 2,00,000 பைட் பதில் | 1 மெகாபிட் இணைப்பில் முதல் வீச்சு கடக்கும் நேரம் |
|---|---|---|---|---|---|
| 1 | 1,460 | 4 சுற்று | 6 சுற்று | 8 சுற்று | 12 மி.வி. |
| 3 | 4,380 | 3 சுற்று | 4 சுற்று | 6 சுற்று | 36 மி.வி. |
| 10 | 14,600 | 1 சுற்று | 3 சுற்று | 4 சுற்று | 120 மி.வி. |
| 32 | 46,720 | 1 சுற்று | 2 சுற்று | 3 சுற்று | 384 மி.வி. |

3-லிருந்து 10-க்குப் போனபோது இரண்டு லட்சம் பைட் பதிலுக்கு இரண்டு சுற்று மிச்சமானது. 10-லிருந்து 32-க்குப் போனால் ஒன்றுதான் மிச்சம். இரட்டிப்பாகும் வளர்ச்சிக்கு முன்னால் தொடக்க எண்ணின் பலன் மடக்கை அளவில்தான் கூடும். கடைசி நிரலில் உள்ள வீச்சின் பாரமோ நேர்விகிதத்தில் ஏறுகிறது. வலைப்பக்கங்களில் உலவும் "32 போடுங்கள், பறக்கும்" ரக அறிவுரைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த ஒரு அட்டவணையே போதும்.

## முதல் தேர்வு: 10-லேயே விட்டுவிடுவது

பொது இணையத்துக்குப் பக்கங்களைப் பரிமாறும் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரி. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, அண்மைய விண்டோஸ் எல்லாமே இந்த எண்ணை ஒட்டியே வருகின்றன. பஃபர்களும் சோதனைகளும் கருவிகளும் அதற்குப் பழகிவிட்டன. மோசமாகப் போனாலும் அளவாகத்தான் போகும்.

இதில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. எச்டிடிபி 1.1-இல் ஆறு இணைப்புகளுக்குத் தலா 10 என்று, முதல் சுற்றிலேயே 60 பாக்கெட்டுகள் போக வாய்ப்பிருந்தது. எச்டிடிபி 2-க்கு மாறியதும் எல்லாம் ஒரே இணைப்பில் அடங்கி, 10 ஆகிவிட்டது. தொலைதூரப் பயனர்களிடம் முதல் பக்கம் எதிர்பார்த்த அளவு வேகமாகவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. ஜிம் கெட்டிஸ் கேட்ட நன்னடத்தை இப்படிப் பின்வாசல் வழியாக வந்துசேர்ந்தது என்றும் சொல்லலாம்.

10-லேயே இருக்கும்போது செய்யக்கூடியது, முக்கியமானதை முதல் 14,600 பைட்டுக்குள் கொண்டுவருவது. தமிழில் எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொ' என்று எழுதினால் மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு பைட். சுருக்காமல் அனுப்பினால் முதல் சுற்றில் 4,800 குறியீடுகளுக்குச் சற்று மேல்தான் போகும், எச்டிஎம்எல் குறிகளைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே. நல்லவேளையாக அந்த மூன்று பைட்டுகளில் முதல் இரண்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் ஜிசிப், புரோட்லி போன்ற சுருக்கு முறைகள் அதை நன்றாக ஒடுக்கிவிடும். சுருக்கம் அணைந்துகிடக்கும் சர்வரில் தொடக்கச் சாளரத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

## இரண்டாவது தேர்வு: குறைப்பது

பொது வலைக்காக 4-க்கோ 2-க்கோ இறங்குவதை இன்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பலவீனமான இணைப்பில் இருக்கும் பயனருக்கு இதனால் நன்மை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குப் போய்வரும் நேரமும் அதிகம். சுற்றுகளைக் கூட்டினால் அவர்கள்தான் முதலில் துன்பப்படுவார்கள். 2010 சோதனையிலும் குறைந்த வேக வலையமைப்புகளில் தாமதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, கூடவில்லை.

குறைப்பதற்கு உண்மையான காரணம் இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மின்மானிகள், உணர்கருவிகள் போன்றவை விநாடிக்குச் சில பத்து கிலோபிட் வேகத்தில் பேசும் வழிகள். விநாடிக்கு 64 கிலோபிட் இணைப்பில் 10 பாக்கெட் என்பது கிட்டத்தட்ட 1.9 விநாடி அடைப்பு. அதற்குள் மற்ற இணைப்புகளின் காலக்கெடுகள் முடிந்து, தேவையில்லாத மறு அனுப்பல் தொடங்கிவிடும்.

மற்றொன்று பலரும் எதிர்பாராதது: தரவு மையத்தின் உட்புறம். ஒரு கேள்வியை 40 சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பி, எல்லாரும் ஒரே கணத்தில் பதில் சொன்னால், தலா 10 பாக்கெட் வீதம் 6,00,000 பைட் ஒரே சுவிட்ச் வாயிலில் வந்து மோதும். சிறிய பஃபர் உள்ள சுவிட்ச் கொஞ்சத்தைக் கீழே போட்டுவிடும். உள்ளே ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோவிநாடி அளவுதான் ஆகும் என்பதால் பெரிய தொடக்கச் சாளரத்தால் மிச்சமாவது அற்பம். இழப்பு நேர்ந்து காலக்கெடுவுக்குக் காத்திருந்தால் போவது 200 மில்லிவிநாடி, அதாவது 2,000 சுற்றுகளுக்குச் சமம். "உள் வலையமைப்பு அகலமானது, அங்கே தாராளமாகக் கூட்டலாம்" என்று சொல்பவர்கள் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். இங்கே பிரச்சினை அகலத்தில் இல்லை, எல்லாரும் ஒருசேரப் பேசுவதில் இருக்கிறது.

## மூன்றாவது தேர்வு: எல்லா வழிகளுக்கும் ஒரே பெரிய எண்

20, 32, அதற்கும் மேல். அமைப்பில் ஒரே வரி, உடனே நடைமுறைக்கு வரும். அந்த எளிமைதான் இதன் கவர்ச்சி.

மறைந்திருக்கும் செலவுகள் பல. சர்வரின் வலையட்டை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் 32 பாக்கெட்டுகளை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். வழியில் வேகக் கட்டுப்பாடு போட்டிருக்கும் நிறுவனங்கள், வரம்பு மீறியதை வரிசையில் நிறுத்தாமல் நேராகத் தூக்கி எறிவதும் உண்டு. அங்கே சராசரி வேகம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த ஒற்றை வீச்சே வரம்பை மீறிவிடும். இழப்பு வந்ததும் ஸ்லோ ஸ்டார்ட் முடிந்து சாளரம் சுருங்கும். 10-இல் தொடங்கியிருந்தால் தொட்டிருக்கக்கூடிய உயரத்தை 32-இல் தொடங்கிய இணைப்பு தொடாமலே போகலாம்.

பெறுபவரின் எல்லையும் இருக்கிறது. இணைப்பைத் திறக்கும் முதல் பாக்கெட்டில் பெறும் சாளரத்துக்கு 16 பிட் இடம்தான். உச்சம் 65,535 பைட். அடுத்தடுத்த பாக்கெட்டுகளில் அதைப் பெருக்கிச் சொல்ல முடியும் என்றாலும் பல இயங்குதளங்கள் 64 கிலோபைட்டை ஒட்டியே தொடங்குகின்றன. ஆகவே 44 பாக்கெட்டுக்கு மேல் எழுதிவைக்கும் எண் பெரும்பாலும் அலங்காரம்தான். கைகுலுக்கலின்போதே பாக்கெட் தொலைந்து மீண்டும் அனுப்ப நேர்ந்தால், தரநிலைப்படி தொடக்கச் சாளரம் ஒன்றுக்கு இறங்கிவிட வேண்டும். அப்போது நீங்கள் எழுதிய எண்ணுக்கு வேலையே இல்லை.

இந்தத் தேர்வு பொருந்தும் இடமும் உண்டு. இரண்டு நாடுகளில் இருக்கும் உங்கள் சொந்தத் தரவு மையங்களுக்கு இடையிலான வழி, அல்லது உங்கள் மூலச் சர்வரிலிருந்து சிடிஎன் முனைகளுக்கு, அதாவது பயனர்களுக்கு அருகில் நகல்களை வைத்துப் பரிமாறும் சர்வர்களுக்கு, போகும் வழி. தூரம் அதிகம், வழி அகலம், போக்குவரத்து உங்களுடையது. அங்கே 32 என்ன, 40 வைத்தாலும் நியாயம்தான். லினக்ஸில் இந்த மதிப்பை வழித்தட அட்டவணையில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே எழுத முடியும். இயல்பு வழியைத் தொடாமல் அந்த ஒரு வழிக்கு மட்டும் எழுதுங்கள். இயல்பு வழியில் பெரிய எண்ணை எழுதுவதற்கும் அந்த ஒரு வழியில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, தெரியாததை ஊகிப்பதற்கும் தெரிந்ததைப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு.

## நான்காவது தேர்வு: பழைய அனுபவத்தை வைத்துக் கணிப்பது

ஒரே பயனரோடு பத்து நிமிடத்துக்கு முன் பேசிய இணைப்பு 80 பாக்கெட் வரை வளர்ந்தது என்றால், புதிய இணைப்பு ஏன் எதுவும் தெரியாததுபோல் 10-இல் தொடங்க வேண்டும்? இந்த எண்ணம் 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2140-இலேயே இருக்கிறது. 2021-இல் ஆர்எஃப்சி 9040 அதைப் புதுப்பித்தது. லினக்ஸில் இன்று, இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடும் பிபிஎஃப் நிரல் ஒன்றை எழுதி, எதிர்முனை முகவரியைப் பார்த்து ஒவ்வொரு இணைப்புக்கும் தொடக்கச் சாளரத்தைத் தனியாக வைக்கலாம்.

கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு இதுதான். நடைமுறையில் தொல்லையும் இதில்தான் அதிகம். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரியை ஏராளமான பயனர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஒருவர் கோபுரத்தின் அடியில் 5ஜி-யில் இருப்பார், அதே முகவரிக்குப் பின்னால் இன்னொருவர் மலையடிவாரத்தில் ஒற்றைக் கோட்டு சிக்னலில் இருப்பார். முன்னவரின் அனுபவத்தைப் பின்னவர் மேல் சுமத்தினால் நடப்பது ஊகம்கூட அல்ல, தப்பான ஊகம். நினைவு பழையதாகவும் ஆகிவிடும். காலை ஆறு மணிக்குக் கற்ற பாடம் இரவு ஒன்பது மணிக்குச் செல்லாது. எத்தனை நேரம் நினைவில் வைப்பது, எந்த அளவு முகவரித் தொகுப்பை ஒன்றாகக் கருதுவது, மறப்பதற்கு யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவுசெய்து, பராமரிக்க வேண்டும்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பில் குவிக்கை மையமாக வைத்து உருவான 'கவனமான மீள்தொடக்கம்' என்ற முறை இதற்கு நல்ல விடையைத் தருகிறது. வழக்கமான எண்ணிலேயே தொடங்கு, முதல் ஒப்புகைகளைப் பார்த்துப் போய்வரும் நேரம் பழைய நினைவோடு ஒத்துப்போகிறதா என்று உறுதிசெய், பிறகு பழைய சாளரத்தின் பாதிக்கு மேல் போகாமல் தாவு, இழப்பு வந்தால் உடனே பின்வாங்கு. குவிக் நூலகத்தை நீங்களே பராமரிக்கும் நிலையில் இருந்தால் இதைப் பாருங்கள். ஐந்து பேர் கொண்ட நிறுவனத்துக்கு இது வேண்டாத சுமை.

## ஐந்தாவது தேர்வு: கூட்டி, இடைவெளி விட்டு அனுப்புவது

பெரிய தொடக்கச் சாளரத்தின் தீமையில் பெரும்பகுதி எண்ணிக்கையால் வருவதில்லை, எல்லாம் ஒட்டிக்கொண்டு போவதால் வருகிறது. 32 பாக்கெட்டுகளை 100 மில்லிவிநாடிக்குள் பரப்பி அனுப்பினால், மூன்று மில்லிவிநாடிக்கு ஒன்று வீதம் போகும். வழியில் உள்ள பஃபர் அவற்றை வந்த கையோடு வெளியே விட்டுவிடும். கைகுலுக்கலிலேயே போய்வரும் நேரம் ஒருமுறை அளக்கப்பட்டுவிடுவதால் எவ்வளவு நேரத்தில் பரப்புவது என்பதும் தெரியும். பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஆர்எஃப்சி 9002-உம், அனுப்புபவர் ஒன்று இடைவெளி விட வேண்டும், அல்லது வீச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. கூகுளின் பழைய குவிக் 32 பாக்கெட்டில் தொடங்கியதும் இடைவெளி விட்டு அனுப்பும் வசதியோடுதான்.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். லினக்ஸில் இடைவெளி விடுதலை இயக்கினாலும் முதல் 10 பாக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது. அவை தடையின்றிப் போகும்படி வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் உள்ளவைதான் பரப்பப்படும். ஆகவே 32 வைத்தால் 10 ஒட்டியும் 22 இடைவெளியோடும் போகும். இது நல்ல சமரசம் என்றே நினைக்கிறேன்.

செலவு என்னவென்றால், கடைசிப் பாக்கெட் போய்ச்சேர்வது ஒரு சுற்றின் ஒரு பகுதி அளவு தாமதமாகும். நடுவில் ஒரு பிராக்சி, அதாவது இடைத்தரகர் சர்வர், உட்கார்ந்து இணைப்பை இரண்டாக உடைத்தால், அளந்த போய்வரும் நேரம் பயனருடையது அல்ல, பிராக்சியுடையது. அப்போது பரப்பும் நேரமும் பொய்யாகும். பொது இணையத்துக்கு 10-க்கு மேல் போயே தீர வேண்டும் என்றால் இந்த வழியாக மட்டும் போங்கள்.

## எண்ணைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

தொடக்கச் சாளரத்தைக் குறைசொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை அதில் இருப்பதில்லை. திறந்துகிடக்கும் இணைப்பு சும்மா இருந்தால், லினக்ஸ் இயல்பாகவே அதன் சாளரத்தைக் காலக்கெடு ஒன்றுக்குப் பாதி வீதம் தேயவிட்டு, தொடக்க மதிப்புவரை இறக்கிவிடும். நிரந்தர இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படும் பயன்பாடு, ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். சொந்த வழிகளில் அந்த அமைப்பை அணைத்துவிடுவது பல நேரங்களில் 32-ஐவிட அதிகப் பலன் தரும்.

குவிக்கில் இன்னொரு பூட்டு உண்டு. பயனரின் முகவரி உண்மையானதுதான் என்று உறுதியாகும்வரை, அவர் அனுப்பியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சர்வர் அனுப்பக் கூடாது. முதல் பாக்கெட் 1,200 பைட் என்றால் உங்கள் உச்சம் 3,600 பைட். தொடக்கச் சாளரம் 100 என்று எழுதியிருந்தாலும் அதே 3,600-தான். தளத்தின் அடையாளத்தை நிரூபிக்க நீளமான சான்றிதழ்ச் சங்கிலி வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஒரு சுற்றை இழக்கிறார்கள்.

சான்றிதழ் என்றதும் வரப்போகும் ஒரு நெருக்கடியையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட, குவாண்டம் கணினிகளுக்கும் தாங்கும் கையொப்ப முறையில், மிகச் சிறிய வகையிலேயே ஒரு கையொப்பம் 2,420 பைட், ஒரு பொதுச் சாவி 1,312 பைட். வழக்கமான வலைக் கைகுலுக்கலில் ஐந்து கையொப்பங்களும் இரண்டு சாவிகளும் போகின்றன. கூட்டினால் 14,724 பைட். நம்முடைய 14,600-ஐ அது மட்டுமே தாண்டிவிடுகிறது, பக்கத்தின் ஒரு எழுத்துகூடப் போகும் முன். இந்த முறை பரவும்போது 10 போதுமா என்ற வாதம் மீண்டும் கிளம்பும் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது எதிர்ப்பாளர்களின் கை முன்பைவிடத் தாழ்ந்திருக்கும்.

## மாற்றியபின் எதை அளப்பது

சராசரியைப் பார்க்காதீர்கள். வேகமான இணைப்பில் இருக்கும் பெரும்பான்மையினருக்கு மாற்றம் எப்போதும் நல்லதாகவே தெரியும். சர்வர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் எண்ணை மாற்றி, ஒரே வாரத்தின் ஒரே நேரங்களில் ஒப்பிடுங்கள். மறு அனுப்பல் விகிதத்தை மொத்தமாக எடுக்காமல், இணைப்பின் முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்குத் தனியாக எடுங்கள். மிக மெதுவான 5 சதவீதப் பயனர்களின் பதில் நேரத்தை மொபைல், நிலையிணைப்பு என்று பிரித்துப் பாருங்கள். அவர்களுக்கு நேரம் கூடியிருந்தால், மற்ற 95 சதவீதத்தின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.